எதிர்வீட்டுப் பெரியவர்

தில்லிக்கு நாங்கள் குடிவந்த புதிதில், எதிர்வீட்டுப் பெரியவர் எங்களை மதிப்பதில்லை என்றே எண்ணியிருந்தோம். வாயிலில் நின்று வணக்கம் சொன்னாலும் திரும்பமாட்டார். சங்க விழாவில் அவை முழுதும் சிரிக்கையில் அவர் மட்டும் இறுகிய முகத்துடன் வீற்றிருப்பார். பட்டாளத்து மிடுக்கு என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அது மிடுக்கன்று, கேளாமை என்று உணர எங்களுக்கு ஈராண்டுகள் ஆயின.

அவர் பீரங்கிப் படையில் ஹவில்தாராக இருந்தவர். 1999-இல் கார்கில் போரின்போது திராஸ் பகுதியில் போஃபர்ஸ் பீரங்கிகளின் அருகே இரவு பகலாக நின்றவர். 85 டெசிபல் ஒலியை நாள்தோறும் 8 மணி நேரத்துக்கு மேல் கேட்டாலே செவிக்குக் கேடு என்பர். பீரங்கி முழக்கமோ 140-ஐயும் கடந்தது. உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. போர் ஓய்ந்தது; அவர் செவிக்குள் இரையும் சில்வண்டு ஓயவில்லை.

"அப்பொழுதே ஏன் சொல்லவில்லை, ஐயா?" என்று தாளில் எழுதிக் கேட்டோம்.

"சொன்னால் மருத்துவத் தரத்தைக் குறைத்துப் பீரங்கியை விட்டு விலக்கிவிடுவார்களே, தம்பி!" என்றார்.

அந்த மௌனமே பின்னர் அவருக்கு எதிர்ச்சாட்சியாயிற்று. விடைபெறும்போது நடந்த மருத்துவச் சோதனையில்தான் குறை வெளிப்பட்டது. அக்காலத்து விதிப்படி ஊன ஓய்வூதியம் பெற, குறை 20 விழுக்காட்டுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். அது படைப்பணியால் விளைந்ததாகவோ மிகுந்ததாகவோ இருத்தலும் வேண்டும். 'பணியால் நேர்ந்ததன்று' என்ற ஒரு வரியுடன் விண்ணப்பம் திரும்பியது. அதை மடித்துத் தகரப் பெட்டியில் வைத்துவிட்டார்.

2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நெறியைத் தெளிவுபடுத்தியது. படையில் சேரும்போது குறையேதும் குறிக்கப்படாத வீரர், பின்னர் உடற்குறையால் விடுவிக்கப்பட்டால், அக்குறை பணியால் வந்ததென்றே முதலில் கொள்ளவேண்டும். மெய்ப்பிக்கும் பொறுப்பு அவருடையதன்று. இத்தகைய வழக்குகளைக் கேட்க 2009 முதல் ஆயுதப் படைத் தீர்ப்பாயமும் இயங்கி வருகிறது. இவற்றைப் படித்தபின், செவித்திறன் சோதனைத் தாளும் பணிக் குறிப்புகளும் சேர்த்து, வழக்கறிஞர் ஒருவர் துணையுடன் மனு அளித்தோம். முடிவு இன்னும் வரவில்லை. எனினும், அந்தத் தாள் பெட்டியைவிட்டு வெளியே வந்துவிட்டது.

அன்பர்களே! உங்கள் தெருவிலும் அழைத்தால் திரும்பாத முதியவர் ஒருவர் இருக்கலாம். சினவாதீர்கள். அருகிற் சென்று, முகம் பார்த்து, நிதானமாகப் பேசுங்கள். அவர் பெட்டியிலும் ஒரு தாள் மடிந்து கிடக்கக்கூடும்.