கை பொறுக்கும் சூடு

கல் உருட்டும் மெஷின். தமிழில் இதற்கு வேறு பேர் எனக்குத் தெரியாது. அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான்.

ரப்பர் டப்பா ஒன்று. இரண்டு உருளை. ஒரு பெல்ட். முஷ்டி அளவு மோட்டார். அவ்வளவுதான்.

டப்பாவுக்குள் கூழாங்கல், தண்ணீர், கார்போரண்டம் பொடி. மூடியைப் போட்டு இறுக்கி உருளை மேல் படுக்க வைத்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். இரவும் பகலும்.

முதல் வாரம் கரடுப் பொடி. இரண்டாம் வாரம் நைசு. மூன்றாம் வாரம் அதைவிட நைசு. நாலாம் வாரம் மெருகு. 28 நாள். 672 மணி நேரம்.

வீட்டுக் கிரைண்டர் தினம் அரை மணி ஓடுகிறது என்று வைத்துக்கொண்டேன். 672 மணி ஓட மூன்றரை வருடத்துக்கு மேல் ஆகும். ஒரு கைப்பிடிக் கல்லுக்கு மூன்றரை வருட மாவு.

இந்தக் கணக்கை முதலிலேயே போட்டிருக்கணும்.


ஆறாம் நாள் நின்றுபோனது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

அரை மணி கழித்துத் தானாக ஓடியது.

மறுபடி நின்றது. மறுபடி ஓடியது. உள்ளே ஒரு சின்னப் பட்டை இருக்கிறதாம். சூடு ஏறினால் வளைந்து கரண்டை வெட்டும். ஆறினால் நிமிர்ந்து சேர்க்கும். எனக்கு அது தெரியாது. இரண்டு நாள் மின்வாரியத்தைத் திட்டினேன்.


மோட்டார் மேல் கை வைத்து எண்ண வேண்டும். ஐந்து வரை கை பொறுத்தால் பரவாயில்லை. ஒன்றிலேயே இழுத்துக்கொண்டால் நிறுத்து.

சின்ன மோட்டார் கொஞ்சம் சுடத்தான் செய்யும். சூடு நோய் இல்லை. நேற்றைவிட இன்று அதிகம் என்றால் நோய்.

காய்ச்சலுக்கு அம்மா புறங்கையை வைத்துப் பார்ப்பாள். மோட்டாருக்கும் புறங்கைதான் நல்லது. ஷாக் அடித்தால் உள்ளங்கை பிடித்துக்கொள்ளும். புறங்கை விலகிவிடும்.


சித்திரை. மயிலம். கத்திரி இன்னும் தொடங்கவில்லை. திண்ணையில் மதியம் 40 டிகிரி.

மோட்டாருக்குச் சுற்றுப்புறச் சூடு 40 வரை என்று கணக்கு வைத்துத்தான் பொதுவாகச் செய்கிறார்கள். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரியும் காயில் மேல் பூசிய வார்னிஷைத் தின்னும். பத்து டிகிரி கூடினால் ஆயுசு பாதி என்று மோட்டார்க்காரர்களிடம் ஒரு வாய்ப்பாடு உண்டு.

வெயில்தான் காரணம் என்று முடிவு கட்டினேன். மெஷினை உள்ளறைக்கு மாற்றினேன். சத்தம் கேட்காமலிருக்க மேலே அட்டைப்பெட்டி கவிழ்த்தேன்.

புத்திசாலித்தனத்தில் இது இரண்டாவது.


அட்டைப்பெட்டிக்குள் மோட்டார் தன் மூச்சையே திரும்பத் திரும்பக் குடித்துக்கொண்டிருந்தது.


பெட்டியை எடுத்த பிறகும் சூடு. அதுவும் நடுராத்திரி இரண்டு மணிக்கு. வெயில் ஏது?

மல்டிமீட்டர் வாங்கினேன். நோட்டில் எழுதினேன்.

சாயங்காலம் ஏழு மணி: 195 வோல்ட்.
ராத்திரி இரண்டு: 248.

ஏழு மணிக்கு ஊரே லோ வோல்டேஜ் என்று புலம்பும். அந்த நேரத்தில் என் மோட்டார் சுகமாக ஓடியது. ஊர் தூங்கியதும் அதற்குக் காய்ச்சல்.


மோட்டார் முதுகில் பொடி எழுத்து. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். 120 வோல்ட். 60 ஹெர்ட்ஸ்.

120 வோல்ட்டுக்குத்தான் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி இருக்கிறதே. 230ஐ 110 ஆக்கித் தருகிறது. 60 ஹெர்ட்ஸை யார் பார்த்தார்கள்.

இங்கே 50. அந்தப் பெட்டி வோல்ட்டைத்தான் மாற்றும். ஹெர்ட்ஸை மாற்றாது.

அங்கே கரண்ட் நொடிக்கு 60 முறை ஆடுகிறது. இங்கே 50 முறை. ஆட்டம் மெதுவானால் அதே வோல்ட்டுக்குக் காயில் அதிக கரண்டை இழுக்கும். இரும்புத் தகடு கொள்ளும் அளவுக்கு மேல் காந்தம் ஏறும். ஏற இடமில்லாதது சூடாகிறது.

120க்கு ஆறில் ஐந்து பங்கு 100. இங்கே அந்த மோட்டார் கேட்பது 100 வோல்ட்.

சாயங்காலம் பெட்டி கொடுத்தது சுமார் 93. ராத்திரி சுமார் 119.

லோ வோல்டேஜ்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தது.


ஆனால் லோ வோல்டேஜில் ஒருமுறை நின்றால் மறுபடி கிளம்பாது. உறுமும். சுற்றாது. அந்த உறுமல்தான் மிக மோசமான சூடு. உடனே பிளக்கைப் பிடுங்கு.


50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு வேகமும் குறையும். மோட்டார் மெதுவானால் அதன் வால் பக்கத்துக் குட்டி விசிறியும் மெதுவாகும். சூடு அதிகம், காற்று குறைவு. இரண்டும் சேர்ந்துதான் வரும்.

அமெரிக்காவிலிருந்து வரும் பழைய பிளக் கடிகாரங்கள் இங்கே மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். அதே 60, அதே 50.

அக்கா மகனிடம் போனில் சொன்னேன். "மாமா, அங்க வெயில் ஜாஸ்தி, அதான்" என்றான்.


திண்டிவனத்தில் வைண்டிங் கடை. மோட்டாரைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப்போனேன். கடை முழுக்கக் கிணற்று மோட்டார், ஆளுயர சப்மெர்சிபிள். நடுவில் என்னுடையது எலிக்குஞ்சு.

"இன்னா சார் இது, கொழந்த வெளையாட்டு சாமானா?"

"கல்லு உருட்டறது அண்ணே."

"எதுக்கு?"

பதில் சொல்லவில்லை. மோந்து பார்த்தார். பல்லி மாதிரி நாக்கை இழுத்துக்கொண்டார்.

"எரியல சார். வெந்திருக்கு."

எரிந்தால் ஓரிடம் மட்டும் கறுத்திருக்குமாம். இது சுற்று முழுக்க ஒரே நிறம். பனைவெல்ல நிறம். ஷார்ட் இல்லை. நாள்பட்ட காய்ச்சல்.

சீரீஸ் பல்பு போட்டுப் பார்த்தார். பல்பு மங்கலாக எரிந்தது. "உசுரு இருக்கு. எத்தினி நாளுக்குன்னு தெரியாது."


புஷ்ஷைத் திருகி ஆட்டினார். ஆடியது. விரலில் தடவிக் காட்டினார். சாம்பல் நிறச் சேறு.

டப்பா மூடி கசிந்திருக்கிறது. கார்போரண்டம் கலந்த கல் சேறு உருளை வழியாக, பெல்ட் வழியாக மோட்டார் அச்சுக்குப் போயிருக்கிறது.

பொடிக்குக் கல் எது, புஷ் எது என்று தெரியாது.


கார்போரண்டம். 1891இல் எட்வர்ட் அச்சிசன் என்ற அமெரிக்கர் செயற்கை வைரம் செய்யப் பார்த்தபோது வந்து விழுந்த பொருள். வைரம் வரவில்லை. வைரத்துக்கு அடுத்த வரிசையில் நிற்கும் ஒன்று வந்தது.

சென்னையில் 1954இல் முருகப்பா குழுமம் கார்போரண்டம் யுனிவர்சல் தொடங்கியது. ஊரில் சாணைக்கல்லுக்கே கார்போரண்டம் என்று பேர்.

முருகப்பா. மயிலம். இதில் ஒன்றும் இல்லை. எழுதி வைக்கிறேன்.


சூரன் மயிலாக மாற வேண்டித் தவம் கிடந்து மலையானான் என்பது இங்கே தலபுராணம். குன்றின் மேல் முருகன் கோயில். பங்குனி உத்திரத்துக்கு வெறுங்காலோடு படி ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். படிக்கல் நடுவில் வழுவழுப்பு. ஓரத்தில் கரடு.

பொடி இல்லை. தண்ணீர் இல்லை. மோட்டார் இல்லை.


இங்கிருந்து தெற்கே திருவக்கரை. கல்மரம். இரண்டு கோடி வருடத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. 1782இல் வந்த புத்தகத்தில் பிரெஞ்சுக்காரர் சொன்னரா இந்தியப் பயணத்தை எழுதினார். கல்மரத்தை வெளியுலகுக்குச் சொன்னவர் என்று அவர் பேரைத்தான் சொல்கிறார்கள்.

அவை நின்ற இடத்தில் கல்லான மரங்கள் இல்லை. வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்தவை. கிளை போய், வேர் போய், அடிமரம் மட்டும்.

அங்கிருந்து ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது. புவியியல் ஆய்வுத்துறையின் காவல். எடுக்கவில்லை. என் கல் எல்லாம் மனை தோண்டிய செம்மண்ணிலிருந்து பொறுக்கியவை. பாட்டி வெங்கச்சாங்கல் என்பாள். இருட்டில் இரண்டை உரசினால் பொறி வரும்.

பூங்காவில் ஒரு மரத்தின் மேல் கை வைத்தேன். மதிய வெயில். ஒன்று, இரண்டு. இழுத்துக்கொண்டேன்.


அதே திருவக்கரைப் பக்கம் கல்குவாரி. கிரஷர். பாறை ஒரு பக்கம் போகிறது, ஜல்லி மறுபக்கம் விழுகிறது. சில நொடி.

எனக்கு ஒரு மாதம். கால் கிலோகூடத் தேறாது.


குஜராத்தில் கம்பாத். அகேட் மணிக்குப் பேர்போன ஊர். மோட்டார் வருமுன் ஆட்டுத்தோல் பையில் மணி, அகேட் பொடி, தண்ணீர் போட்டுக் கட்டி, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து நாள்கணக்கில் உருட்டித் தள்ளுவார்களாம். இவர் தள்ள, அவர் தள்ள.

அங்கே சூடாகியிருப்பது தொடை.

அரிக்கமேடு நமக்குப் பக்கம். 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டினார். கல்மணி, கண்ணாடிமணி. யார் உருட்டினார்கள், எத்தனை நாள் உருட்டினார்கள் என்று மணி சொல்லாது.


வைண்டிங்காரர் யோசனை: அமெரிக்க மோட்டாரைக் கழற்றிப் போடு. பழைய எக்ஸாஸ்ட் ஃபேன் மோட்டார் இருக்கிறது, இறக்கையை எடுத்துவிட்டுப் புல்லி மாட்டித் தருகிறேன்.

மாட்டினார். அழகாக ஓடியது. மூன்று மணி நேரம்.

ஃபேன் மோட்டாருக்கு அதன் இறக்கைதான் காற்று. இறக்கையைப் பிடுங்கிவிட்டுச் சுற்றச் சொன்னோம்.

"ஆமாம்ல" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. காசு வாங்கவில்லை.


மூன்றாவது: டேபிள் டாப் கிரைண்டர் மோட்டார். 1955இல் கோவை சபாபதி வெட் கிரைண்டரைச் செய்தார் என்று சொல்வார்கள். கல்லைச் சுற்றவென்றே பிறந்த மோட்டார். உளுந்துக்குப் பதில் வெங்கச்சாங்கல். அதற்கு வித்தியாசம் தெரியாது என்று நினைத்தேன்.

தெரிந்தது. சூடு.

பெல்ட் இறுக்கம். புதுசு என்று வலித்து மாட்டியிருந்தேன். இறுகிய பெல்ட் அச்சை ஒரு பக்கமாக இழுக்கும். புஷ் தேயும். தேய்ந்த புஷ் சுடும். நடுவில் விரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்கணும். அவ்வளவு போதும்.

ரொம்பத் தளர்ந்தாலும் ஆகாது. வழுக்கும். பெல்ட் சுடும், மோட்டார் சுடாது. எது சுடுகிறது என்று பார்க்கணும். மெஷின் சுடுகிறது என்று பொதுவாகச் சொல்லக் கூடாது.


பெல்ட்டைக் கழற்று. மோட்டாரை வெறுமனே ஓடவிடு. அப்போதும் சுட்டால் கோளாறு மோட்டாரில். சுடாவிட்டால் பெல்ட், உருளை, டப்பாவில் எங்கோ.

முதல் நாளே இதைச் செய்திருந்தால் இந்த நோட்டு பாதிதான் இருந்திருக்கும்.


டப்பாவைக் கையால் சுற்றிப் பார்த்தேன். கனம். முக்கால் டப்பாவுக்கு மேல் நிரப்பியிருந்தேன். கல் உருள இடமில்லை. மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கணும். கல் ஒன்றின் மேல் ஒன்று சரிந்து விழும் சத்தம் சீராகக் கேட்கணும். மணல் சரிவது மாதிரி.

டக் டக் என்றால் கல் குதிக்கிறது. ஒன்றுமே கேட்காவிட்டால் நெரிசல்.

ஆறு கல் எடுத்தேன். மோட்டாருக்குக் காய்ச்சல் இறங்கியது.


எண்ணெய். அச்சின் இரண்டு முனையிலும் ஒரு சொட்டு. தையல் மெஷின் எண்ணெய் போதும். இரண்டு சொட்டு விட்டால் தூசியைக் கூப்பிடும். பெல்ட்டில் பட்டால் வழுக்கும். துருவுக்கு அடிக்கிற ஸ்ப்ரே எண்ணெய் ஆகாது. பழைய எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும்.


சேற்றைச் சிங்க்கில் ஊற்றாதே. குழாய்க்குள் உறைந்து சிமெண்ட் ஆகும். முருங்கையடியில் குழி வெட்டி ஊற்றுகிறேன். முருங்கை ஒன்றும் சொல்லவில்லை.


2024 ஃபெஞ்சல் புயல். டிசம்பர் ஒன்றாம் தேதிக் காலைக் கணக்கில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை. ரேடியோவில் ஊர்ப்பேர் கேட்ட ஒரே நாள்.

அந்தத் தடவை கிணற்று மோட்டார்கள் மூழ்கின. வைண்டிங் கடை வாசலில் வரிசை. ஈரம் போக ஒவ்வொன்றிலும் குண்டு பல்பு தொங்கவிட்டு மெல்லச் சூடேற்றிக் காயவைத்தார்கள். அவசரப்பட்டு ஈரத்தோடு சுவிட்ச் போட்டவர்களுடையது போச்சு.

சூட்டாலேயே பிழைத்த மோட்டார்களும் உண்டு.


இன்று 28ஆம் நாள். நின்ற நாட்களைக் கழித்துவிட்டு எண்ணினால்.

காலை நாலு மணி. மோட்டார் மேல் புறங்கை. பத்து வரை எண்ணினேன். பொறுத்தது.

டப்பாவைத் திறந்தேன். கழுவினேன். 31 கல். ஈரத்தில் அத்தனையும் பளபள.

ஈரத்தில் எல்லாக் கல்லும் பளபளக்கும். காய்ந்த பிறகும் பளபளப்பு நின்றால்தான் மெருகு. இல்லாவிட்டால் இன்னொரு வாரம். இன்னொரு 168 மணி.

துண்டின் மேல் பரப்பியிருக்கிறேன். மோட்டார் நிற்கிறது. நானாக நிறுத்தியது.

கல் இன்னும் காயவில்லை.