மரை கழண்ட கதை

'மரை கழண்டு போச்சா உனக்கு?'ன்னு திட்டு வாங்காத ஆளே நம்மூர்ல இருக்க முடியாது. எனக்கு நெஜமாவே ஒண்ணு கழண்டுச்சு. அப்பாவோட பழைய புல்லட்டுல!

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். வேலூர்-திருவண்ணாமலை ரோட்டுல சந்தவாசல்ல இறங்குறவங்க பாதிப் பேர் படவேடு ரேணுகாம்பாளைப் பார்க்கத்தான் வருவாங்க. ஆடி வெள்ளின்னா கேக்கவே வேணாம். அப்பா அந்தக் கூட்டத்துலயும் புல்லட்லதான் போவார். ஆடிக்கு ஒரு வாரம் இருக்கும்போது டைமிங் கவர்ல ஆயில் கசிஞ்சுது. நானே பார்த்துக்கறேன்னு கழட்டிட்டேன். ஒரு ஸ்க்ரூ தலை மழுங்கிப் போச்சு. கடையில 6 எம்.எம். போல்ட் வாங்கிட்டு வந்தேன். கையாலயே சரசரன்னு ஏறுச்சு. "பாத்தியாப்பா!"ன்னு ஒரு பெருமை வேற. கடைசி கால் சுத்துல ஸ்பானர் சட்டுனு லேசாச்சு. அனுபவிச்சவங்களுக்குத் தெரியும், வயித்தைக் கலக்குற லேசு அது. போல்ட்டை இழுத்தா கூடவே அலுமினியச் சுருள் வருது. அப்பா ஒண்ணும் பேசாம வீட்டுக்குள்ள போயிட்டார். திட்டியிருந்தா பரவாயில்ல.

போளூர்ல லேத்துப் பட்டறை வச்சிருக்கற அண்ணன்கிட்ட கொண்டு போனேன். "இது இஞ்ச் மரை தம்பி. எம்.எம். போட்டா ஏறும், நிக்காது"ன்னார்.

ஏன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. அந்த ஸ்க்ரூ கால் இஞ்ச், அதாவது 6.35 எம்.எம். ஒரு இஞ்ச்சுக்கு 26 மரை. ஒரு மரைக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி 0.977 எம்.எம். நான் போட்ட 6 எம்.எம். போல்ட்டுல இடைவெளி சரியா 1 எம்.எம். கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனால தடங்கல் இல்லாம ஏறிடுது. ஆனா போல்ட் ஒல்லி. மரை முழு ஆழத்துக்குக் கடிக்காது. இறுக்கினா அலுமினியம் உரிஞ்சுடும்.

5/16 இஞ்ச்ல இதுக்கு நேரெதிர். அது 7.94 எம்.எம். தேஞ்ச போல்ட்டை வெர்னியர் வச்சுப் பார்த்தா 8 எம்.எம்.முக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியாது. மரையைத்தான் எண்ணணும். இஞ்ச்சுக்கு 18 வந்தா விட்வொர்த், 22 வந்தா பி.எஸ்.எஃப்., 24 வந்தா அமெரிக்க யு.என்.எஃப்., 26 வந்தா சைக்கிள் மரை (பழைய இங்கிலீஷ் சைக்கிள் அச்சுல இருக்கறதேதான்). 20க்கு ஒரு துளி கூட வந்தா 8 எம்.எம். பிட்ச் கேஜ் இருந்தா வேலை சுலபம். இல்லையா, மண்ணெண்ணெய்ல கழுவி, பேப்பர்ல அழுத்தி உருட்டி, அரை இஞ்ச்சுக்கு எண்ணி இரண்டால பெருக்குங்க. தேஞ்ச நுனியை விட்டுட்டு, தலைப்பக்கமா அளக்கணும். நட்டைப் போட்டு 'ஏறுதா'ன்னு பார்க்கறது மட்டும் பரீட்சையே இல்ல. அதுக்கு நானே சாட்சி.

ஸ்பானர் தனிக் கூத்து. 1/4 விட்வொர்த்னு போட்டிருக்கும், வாய் அகலம் பார்த்தா 13.3 எம்.எம். அந்த நம்பர் தலையோட அளவில்ல, போல்ட்டோட அளவு. 13 நுழையாது, 14 வழுக்கும். என் ஸ்க்ரூ ஏன் மழுங்குச்சுன்னு இப்ப தெரியுதா?

புல்லட்டோட பூர்வீகம் இங்கிலாந்துல ரெட்டிச். 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸோட சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஆரம்பிச்சாங்க, திருவொற்றியூர்ல ஃபேக்டரி. அடுத்த வருஷமே, 1956ல, நாட்டுல மெட்ரிக் அளவுக்குச் சட்டம் வந்துடுச்சு. வண்டி மட்டும் ரொம்ப வருஷம் இஞ்ச்சை விடல. அதுலயும் ஸ்பார்க் பிளக் 14 எம்.எம்.! மைசூர்ல செஞ்ச ஜாவாவுக்கு இந்தப் பஞ்சாயத்தே கிடையாது. செக்கோஸ்லோவாகியா டிசைன், எல்லாம் எம்.எம்.

அண்ணன் ஓட்டையைப் பெருசாக்கி ஒரு புஷ் இறக்கி, உள்ளே கால் இஞ்ச் 26 டேப் போட்டுக் குடுத்தார். ஸ்க்ரூவுக்கு புதுப்பேட்டை வரைக்கும் போய் வந்தேன், கையில மாதிரி ஒண்ணோட.

கவரை அப்பாதான் மாட்டினார். ஆடி வெள்ளிக்கு வண்டி படவேடு போயிட்டு வந்துது, ஒரு சொட்டு கசியல. எனக்கு இப்போதைக்கு ஹெட்லைட் பல்பு மாத்த மட்டும் பர்மிஷன் :-)