ரிச்சி தெருவில் ஒரு லேப்டாப்

உளுந்து வித்த காசு இருபதாயிரம் கையில் இருந்தது. மயிலாப்பூர்ல அக்கா வீட்டில் பையை வைத்துவிட்டு, மகளோடு மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெருவுக்குப் போனேன். சந்தையில் மாடு பிடிக்கிற மாதிரிதான். பல்லைப் பிடிச்சுப் பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

கடைக்காரத் தம்பி பழைய திங்க்பேட் இரண்டு எடுத்து வைத்தார். 2012ல் வந்த டி430, 2.6 கிகாஹெர்ட்ஸ், பதினோராயிரம். 2018ல் வந்த எக்ஸ்280, 1.6தான், பத்தொன்பதாயிரம்.

"வேகம் கம்மி, விலை ஜாஸ்தியா?"

"அதுல ரெண்டு கோர்ண்ணே, இதுல நாலு."

சரி, நாலு மாடு பூட்டின ஏர்னு எடுத்துக்கிட்டேன்.

மெமரியில்தான் இழுபறி. டி430ல் இப்போ 4 ஜிபி, பிறகு 16 வரை போட்டுக்கலாம். எக்ஸ்280ல் 8 ஜிபி. போர்டோடு பற்றவைத்தது, கூட்டவே முடியாது. எனக்கு டி430 மேலதான் ஆசை. பின்னாடி ஒரு அறை கட்ட இடம் விட்ட வீடு மாதிரி. மிச்சக் காசு உரத்துக்கும் ஆகும்.

மகள் மெதுவா சொன்னாள்: "அப்பா, விண்டோஸ் 10க்கு இலவச அப்டேட் 2025 அக்டோபரோட முடிஞ்சுது. 11க்கு எட்டாம் தலைமுறை பிராசசர் கேக்கும். டி430 மூணாம் தலைமுறை."

"டாலி, எக்செல்லுக்கு 8 போதுமா?"

"போதும்ப்பா."

பேட்டரி, சார்ஜர், கீபோர்டு எல்லாம் தட்டிப் பார்த்து, பதினெட்டரைக்குப் பேசி வாங்கினோம். உரம் இந்த முறை கடன்லதான்.

ஊர் பஸ்ஸில் ஜன்னல் சீட்டை அவளுக்கே விட்டேன். வெளியே பார்க்கவே இல்லை. பையை மடியில் அணைச்சபடியே வந்தாள்.