பின் வளைந்த புராணம்

என் கோமுக் கண்ணு,

உன் லெட்டருக்குப் பதில் போடவில்லை என்று நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாய், தெரியும். எங்கள் வீட்டுக் கூத்தைக் கேட்டால் நீயே மன்னித்துவிடுவாய். பெரியவன் கம்ப்யூட்டரை ரெடிமேடாக வாங்கமாட்டானாம், ஒவ்வொரு சாமானாக வாங்கித் தானே அசெம்பிள் பண்ணுவானாம். சேர்த்து வைத்த காசையெல்லாம் எடுத்துக்கொண்டு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கும் வீட்டுக்குமாக அலைந்தான். டைனிங் டேபிள் முழுக்க அட்டைப்பெட்டியும் ஒயரும். நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இவருக்கு முழங்கால் வலி, அதற்கு வேறு தனிப் புலம்பல்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. ப்ராசஸரின் மூலையில் குட்டியாக ஒரு தங்க முக்கோணம் இருக்கிறது, போர்டில் அதே மாதிரி ஒன்று. இரண்டையும் பார்த்து வைத்தால் அழுத்தவே வேண்டாம், தன் கனத்திலேயே இறங்கிவிடுகிறது. மேலே கூலரை மாட்டி, ஓட்டியும் பார்த்துவிட்டான். அப்புறம் கூலர் கோணலாக இருக்கிறதோ என்று சந்தேகம் வந்து, காலங்கார்த்தாலே மிஷின் ஆறிக் கிடக்கும்போது ஸ்க்ரூவைக் கழற்றி நேராக மேலே தூக்கினான் பார், நடுவில் இருக்கிற தெர்மல் பேஸ்ட் இறுகிப் பிடித்துக்கொண்டு ப்ராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது! ப்ராசஸரைப் பிடித்துக்கொண்டிருக்கிற லீவர் பூட்டினது பூட்டினபடியே இருக்கிறதடி. வந்த வேகத்தில் கேபினெட் விளிம்பில் ஓர் இடி வேறு.

நாலு செண்டிமீட்டர் சதுரம்தான் இருக்கும் அது. அதன் அடியில் 1331 பின், தங்க முலாம் பூசினது. ஒரு மூலையில் மட்டும் காற்றடித்த நாற்றங்கால் மாதிரி சாய்ந்து கிடந்தது. பத்தாயிரத்துச் சொச்சம் ரூபாய்! பிள்ளை பேசவே இல்லை, அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பேச மற்றவர்கள் இருக்கிறார்களே. இவர் “அப்பவே சொன்னேன்” என்று ஆரம்பித்தார். எப்போது சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நாத்தனார் போனிலேயே திருஷ்டி என்று முடிவு கட்டிவிட்டாள். கொழுந்தனார் யோசனைதான் உச்சம்: “சத்தம் போடாமல் பெட்டியில் வைத்து, வரும்போதே இப்படித்தான் இருந்தது என்று திருப்பிக் கொடுத்துடு.” கையால் பட்ட சேதத்துக்கு வாரண்டி கிடையாது என்பதால் சொன்ன வழி. எனக்கும் கொஞ்சம் சபலம் தட்டியது, உன்னிடம் சொல்வதற்கென்ன. பிள்ளைதான் “நான் வளைச்சதும்மா அது” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான்.

ஆமாம், கையால் எடுத்து வைக்கிற சாமானுக்கு அடியில் இத்தனை மெல்லிசாக எதற்கு ஊசி வைக்க வேண்டும் என்று கேட்டேன். இவனுடையது ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டாம். இன்டெல்காரர்கள் 2004-லேயே பின்னையெல்லாம் போர்டுக்கு மாற்றிவிட்டார்களாம். ஏஎம்டியிலும் 2022-ல் வந்த ஏஎம்5-ல் அப்படித்தானாம். ஆனால் போர்டில் வளைந்தால் நிமிர்த்துவது இன்னும் கஷ்டமாம். ஆக, அழுகை எங்கேயும் போகவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது.

அப்புறம் நடந்ததைத்தான் நீ பார்த்திருக்க வேண்டும். லெட் பென்சில் இருக்கிறதே, 0.5 மில்லி, அதில் லெட்டை எடுத்துவிட்டு அந்த வெற்றுக் குழலைப் பின்மேல் சொருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக நிமிர்த்தினான். நான் பக்கத்தில் டார்ச் அடித்துக்கொண்டு நின்றேன். குக்கர் விசில் அடித்தது, போகவில்லை, பருப்பு குழைந்து கூழாகிவிட்டது. முக்கால்வாசி நிமிர்ந்துவிட்டது. ஒட்டிக் கிடந்ததை மட்டும் செல்போன் ரிப்பேர் பண்ணுகிற ஒரு தம்பியிடம் கொண்டுபோனோம். அவன் மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்து, ட்வீஸரால் ஒரே வரிசைக்குக் கொண்டுவந்தான். கடைசியில் ஒன்று மட்டும் பொட்டென்று முறிந்துவிட்டது. ஏற்கெனவே நொந்து போயிருந்தது, அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

ஒவ்வொரு பின்னுக்கும் என்ன வேலை என்று படம் இருக்கிறதாம். நிறைய பின் வெறும் கிரவுண்டுக்குத்தானாம், அதில் ஒன்று போனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நம் அதிர்ஷ்டம், போனது மெமரிக்குப் போகிற பின். போட்டது 8 ஜிபி ராம் இரண்டு. 16 காட்ட வேண்டிய இடத்தில் 8 என்று காட்டியது. இவன் கொஞ்சம் யோசித்து, மெமரிக்குப் போகிற இரண்டு சேனலில் கெடாமல் இருந்த சேனலின் ஸ்லாட்டுகளுக்கே இரண்டையும் மாற்றிப் போட்டான், 16-ம் வந்துவிட்டது! இரண்டு சேனலில் ஓடுகிற வேகம் இருக்காதாம், கேம் விளையாடும்போது தெரியுமாம். தெரியட்டும், பரீட்சை வருகிறது.

இப்போது வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இவர்தான், “என் பையன் தானே அசெம்பிள் பண்ணியது” என்று அறைக்குள் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுகிறார். இந்த மனுஷனை என்ன செய்ய?

உன் சின்னவனும் இந்தக் கிறுக்கில்தான் இருக்கிறான் என்று எழுதியிருந்தாயே, அவனிடம் சொல்லு: கூலரைக் கழற்றும் முன்னால் மிஷினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கணும், அப்புறம் ஆஃப் பண்ணி ஒயரைப் பிடுங்கிவிட்டு, கூலரை இப்படியும் அப்படியும் மெதுவாகத் திருகி, பேஸ்ட் விட்டுக்கொடுத்த பிறகுதான் தூக்கணும். சந்தேகமிருந்தால் இவனுக்கு போன் பண்ணச் சொல்லு, மணிக்கணக்காகப் பேசுவான்.

உன் மாமியார் கால் எப்படி இருக்கிறது? வடகம் போட்டாயா, எனக்கும் சேர்த்தா?

உன்,
ராஜி