அட்டன்பரோ: ஒரு பெயரின் பூர்வீகம்

'காந்தி' படத்தை இயக்கியவர் ரிச்சர்ட் அட்டன்பரோ. 'ஜுராசிக் பார்க்'கில் வெள்ளைத் தாடியும் கைத்தடியுமாக டைனோசர் வளர்க்கும் தாத்தாவும் அவர்தான். பிபிசியின் காட்டுயிர்த் தொடர்களில் கொரில்லாவுக்குத் தொந்தரவு தராமல் கிசுகிசுவென்று பேசுகிறவர் அவருடைய தம்பி டேவிட் அட்டன்பரோ. சரி, இந்த இரண்டு பேரை விட்டால் உலகத்தில் வேறு எந்த அட்டன்பரோவையாவது தெரியுமா? பெரும்பாலானவர்கள் தலையைச் சொறிவார்கள். ஸ்மித்தும் ஜோன்ஸும் இங்கிலாந்தில் தடுக்கி விழுந்த இடமெல்லாம் இருக்கிறார்கள். அட்டன்பரோக்கள் அப்படி இல்லை. அது ஓர் அபூர்வப் பெயர். அபூர்வமான பெயர்களுக்கு, பொதுவான பெயர்களுக்கு இல்லாத ஒரு குணம் உண்டு. அவற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்து போனால் ஒரு குறிப்பிட்ட ஊரில், சில சமயம் ஒரு குறிப்பிட்ட மனிதரின் வீட்டு வாசலில் போய் நிற்கலாம்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடிக்கும்வரை அங்கே சாதாரண ஜனங்களுக்கு ஒற்றைப் பெயர்தான். அதன்பிறகு பிரபுக்கள் தங்கள் நிலத்தின் பெயரைத் தங்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டார்கள். அந்தப் பழக்கம் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. சுமார் 1400-க்குள் பெரும்பாலான ஆங்கிலேயக் குடும்பங்களுக்குத் தலைமுறை தலைமுறையாக மாறாமல் தொடரும் ஒரு குடும்பப் பெயர் வந்துவிட்டது. தமிழர்களின் இனிஷியல் மாதிரி அப்பாவுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என்று மாறுகிற சமாசாரம் இல்லை இது. ஒருமுறை ஒட்டினால் ஒட்டியதுதான்.

பெயர்கள் எங்கிருந்து கிடைத்தன? நாலு வழி. தொழில் ஒன்று: கொல்லர் என்றால் ஸ்மித், தையற்காரர் என்றால் டெய்லர். அப்பா பெயர் இன்னொன்று: ஜானின் மகன் ஜான்சன். தோற்றம் மூன்றாவது: குள்ளமாக இருந்தால் ஷார்ட், மாநிறமாக இருந்தால் பிரவுன். நாலாவது, ஊரும் இடமும்.

ஸ்மித் ஏன் இத்தனை பேர் என்பது இங்கேயே புரிந்துவிடும். ஊருக்கு ஒரு கொல்லுப்பட்டறை இருந்தது, ஊருக்கு ஒரு ஸ்மித் கிளம்பினார். அவர்களுக்குள் எந்த உறவும் கிடையாது. ஊர்ப் பெயர் அப்படி இல்லை. அதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. ஊருக்குள்ளேயே இருக்கிறவனை ஊர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடமாட்டார்கள். அங்கே எல்லோருமே அந்த ஊர்தானே! ஊரை விட்டுப் பக்கத்து ஊருக்குப் போய்க் குடியேறியவனைத்தான் 'அந்த ஊர்க்காரன்' என்பார்கள். ஆகவே ஊர்ப் பெயரைச் சுமக்கும் குடும்பம் பெரும்பாலும் அந்த ஊரைவிட்டு வெளியேறிய ஒருவரின் குடும்பம்.

அட்டன்பரோ என்ற ஊர் இன்றும் இருக்கிறது. நாட்டிங்ஹாம் நகரத்துக்குத் தென்மேற்கே, டிரென்ட் நதிக்கரையில், பீஸ்டனுக்கும் லாங் ஈட்டனுக்கும் நடுவில். பழைய சர்ச் ஒன்று உண்டு. ஆங்கிலேய உள்நாட்டுப் போரில் கிராம்வெல்லின் தளபதியாகவும் பிறகு மருமகனாகவும் ஆன ஹென்றி அயர்ட்டன் 1611-இல் பிறந்தது இங்கேதான். ஊர்ப் பெயரின் முன்பாதி பழைய ஆங்கிலத்தில் ஓர் ஆளின் பெயர் என்றும், பின்பாதியான 'பரோ' கோட்டை அல்லது அரணைக் குறிக்கும் 'பர்' என்ற சொல் என்றும் ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள் பிரிக்கிறார்கள். இன்னாரின் கோட்டை. அவ்வளவுதான்.

குடும்பப் பெயருக்கு இன்னொரு விளக்கமும் சொல்வதுண்டு. இடைக்கால ஆங்கிலத்தில் 'அட்டன்' என்றால் 'அந்த இடத்தில்' என்று பொருள். மரத்தடியில் குடியிருந்தவருக்கு 'அட்டன் ஆஷ்' என்று பெயர். நாளடைவில் முன்பாதி உதிர்ந்து, நடுவில் இருந்த 'ன்' மட்டும் மரத்தோடு ஒட்டிக்கொண்டு 'நாஷ்' ஆனது. புல்வெளி ஓரத்தில் இருந்தவர் 'அட்லீ' ஆனார். 1947-இல் இந்தியா சுதந்திரம் பெற்றபோது பிரிட்டிஷ் பிரதமராக இருந்தாரே, அதே அட்லீ. அந்தக் கணக்கில் 'அட்டன்பரோ' என்றால் 'கோட்டையடியில் இருப்பவர்'. இது உண்மையானால் இங்கிலாந்தில் கோட்டை இருந்த ஊரிலெல்லாம் ஓர் அட்டன்பரோ முளைத்திருக்க வேண்டும்.

இரண்டு விளக்கத்தில் எது சரி? இங்கேதான் வரைபடம் உதவிக்கு வருகிறது.

பிரிட்டனில் 1841 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆட்களின் பெயரும் பதிவாகிறது. அதில் 1881-ஆம் வருடக் கணக்கெடுப்பு முழுவதும் கணினியில் ஏறிவிட்டதால், பெயர் ஆராய்ச்சிக்காரர்களுக்கு அது ஒரு புதையல். ரயில் வந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்த காலம் அது. தொழிற்சாலைகளைத் தேடி ஜனங்கள் ஊர் ஊராக இடம் பெயர்ந்துகொண்டிருந்தார்கள். இருந்தும் அபூர்வப் பெயர்கள் பலவும் அந்த வருடத்திய வரைபடத்தில், பிறந்த ஊரைச் சுற்றியே கொட்டின கடுகு மாதிரிக் கிடக்கின்றன. அட்டன்பரோவும் அப்படித்தான். நாட்டிங்ஹாம்ஷயரிலும், ஒட்டியிருக்கிற டெர்பிஷயரிலும் அடர்த்தி. ஒரு பகுதி லண்டனுக்குப் போயிருந்தது. 19-ஆம் நூற்றாண்டு லண்டனில் அட்டன்பரோ என்றால் அடகுக் கடை என்று ஜனங்களுக்கு ஞாபகம் வருமளவுக்கு அந்தப் பெயரில் கடைகள் இருந்தன! மற்றபடி எல்லாக் கோட்டையடியிலும் முளைத்த பெயராக அது தெரியவில்லை. ஒரே இடத்து விதையாகத்தான் தெரிகிறது.

ஒரே இடத்து விதை சரி. ஒரே ஆளின் விதையா? வரைபடம் இதற்குப் பதில் சொல்லாது. பதில் கிடைத்த இடம் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் மரபியல் துறை. 1984-இல் அலெக் ஜெஃப்ரிஸ் டிஎன்ஏ கைரேகையைக் கண்டுபிடித்த அதே துறை.

யோசனை ரொம்பவும் எளிமையானது. ஆண்களிடம் மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்குப் பெரிய மாற்றமில்லாமல் போகிறது. ஆங்கிலேயக் குடும்பப் பெயரும் அப்பாவிடமிருந்து மகனுக்குத்தான் போகிறது. இரண்டும் ஒரே தண்டவாளத்தில் ஓடும் இரண்டு ரயில்கள். அப்படியானால் ஒரே பெயர் உள்ள, ஒருவரையொருவர் தெரியாத ஆண்களின் ஒய் குரோமோசோமை ஒப்பிட்டால் என்ன?

டூரி கிங், மார்க் ஜோப்ளிங் என்ற இருவரும் சகாக்களும் 2006-இல் 150 ஜோடி ஆண்களை வைத்து ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே குடும்பப் பெயர். பிறகு 2009-இல் கிங்கும் ஜோப்ளிங்கும் 40 பெயர்கள், 1,678 ஆண்கள் என்று விரிவாக வெளியிட்டார்கள். ஸ்மித்கள் எதிர்பார்த்தபடியே ஏமாற்றினார்கள்: தெருவில் போகிற எந்த இருவருக்கும் இருக்கிற ஒற்றுமைதான் அவர்களுக்குள்ளும். ஆனால் அட்டன்பரோக்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரே ஒய் குரோமோசோம், அல்லது ஏறக்குறைய அதே. எழுத்துக்கூட்டல் கொஞ்சம் மாறியிருந்தாலும், ஒருவரை ஒருவர் பார்த்தே இல்லாவிட்டாலும், பெரும்பாலோர் ஏதோ ஒரு இடைக்கால மனிதரின் கொள்ளுப்பேரன்கள்!

இதை வைத்து ஆரம்பத்திலும் ஒரே ஓர் அட்டன்பரோதான் இருந்தார் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. நாலைந்து பேர் இருந்திருக்கலாம். மற்றவர்களின் வரிசை நின்று போயிருக்கலாம். இந்தக் கணக்கை 1870-களிலேயே ஃபிரான்சிஸ் கால்டனும் ஹென்றி வாட்சனும் போட்டுப் பார்த்தார்கள். ஒரு தலைமுறையில் மகன் பிறக்கவில்லை என்றால் அந்தக் கிளையோடு பெயர் போச்சு. இதற்கு நடுவில் 1348-இல் வந்த கொள்ளைநோய் வேறு. பல பெயர்கள் சத்தமில்லாமல் செத்திருக்கின்றன. பிழைத்தவை அதிர்ஷ்டசாலிகள். அபூர்வப் பெயர் என்பது நூலிழையில் தப்பித்த பெயர்.

இந்த ஆராய்ச்சி நடந்த இடத்தில் ஒரு தற்செயல் இருக்கிறது. ரிச்சர்ட், டேவிட் இருவரின் அப்பா ஃபிரெடெரிக் அட்டன்பரோ 1887-இல் ஸ்டேபிள்ஃபோர்டில் பிறந்தவர். அப்பா ரொட்டிக்கடைக்காரர். ஸ்டேபிள்ஃபோர்டிலிருந்து அட்டன்பரோ கிராமம் ஐந்தாறு கிலோமீட்டர்தான்! சுமார் ஐந்நூறு வருடத்தில் அந்தக் கிளை ஒரு காலைநடை தூரத்துக்கு மேல் நகரவில்லை. ஃபிரெடெரிக் படித்து மேலே வந்தார். பழைய ஆங்கிலேய மன்னர்களின் சட்டங்களைப் பதிப்பித்து 1922-இல் புத்தகம் போட்டார். 1932 முதல் 1951 வரை லெஸ்டர் யுனிவர்சிடி காலேஜின் முதல்வராக இருந்தார். அந்தக் காலேஜ்தான் 1957-இல் லெஸ்டர் பல்கலைக்கழகம் ஆனது. அட்டன்பரோக்கள் ஒரே குடும்பம் என்று சொன்ன அதே பல்கலைக்கழகம். அங்கே அவர் பெயரில் ஒரு கோபுரக் கட்டடமும் உண்டு.

இதுவரை படித்தால் 'ஆஹா, ரத்தம் பேசுகிறது' என்று தோன்றும். கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

2012-இல் லெஸ்டரில் ஒரு கார் நிறுத்துமிடத்தைத் தோண்டியபோது மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் எலும்புக்கூடு கிடைத்தது. டிஎன்ஏ சோதனை செய்தவர் அதே டூரி கிங். தாய்வழி டிஎன்ஏ உறவினர்களோடு பொருந்தியது. தந்தைவழி வாரிசுகள் என்று ஏட்டில் இருந்த ஐந்து பேரின் ஒய் குரோமோசோம் பொருந்தவில்லை. அந்த ஐவரிலும் ஒருவர் மற்ற நாலு பேரோடு ஒத்துப்போகவில்லை! ராஜ வம்சத்தின் பட்டோலையில் எங்கோ ஓரிடத்தில், ஏட்டில் இருக்கும் அப்பா வேறு, நிஜ அப்பா வேறு. ரொட்டிக்கடைக்காரர் வம்சம் பரவாயில்லை என்று சொல்லலாம்.

2007-இல் வந்த இன்னொரு ஆய்வு இதைவிடச் சுவாரசியம். கிழக்கு யார்க்‌ஷயரில் ஓர் அபூர்வப் பெயர். அந்தப் பெயருள்ள 18 ஆண்களைச் சோதித்ததில் 7 பேரிடம் இருந்தது அதுவரை மேற்கு ஆப்பிரிக்கர்களிடம் மட்டுமே பார்த்திருந்த ஒய் குரோமோசோம். பார்வைக்கு எல்லோரும் வழக்கமான வெள்ளைக்காரர்கள். பெயரோ அசல் யார்க்‌ஷயர். 18-ஆம் நூற்றாண்டிலோ அதற்கு முன்போ வந்த ஓர் ஆப்பிரிக்கரின் நூல் அந்தப் பெயருக்குள் ஒளிந்திருந்தது. 'சுத்தமான ஆங்கிலேயன்' என்று மார் தட்டுகிறவர்கள் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டிய விஷயம்.

ஒரு சின்னக் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். அப்பா, அம்மா என்று இரண்டு பேர். பாட்டன் பாட்டி நாலு பேர். பத்துத் தலைமுறை பின்னால் போனால் 1,024 இடங்கள். இருபது தலைமுறை போனால் பத்து லட்சத்துக்கும் மேல் (ஒரே ஆள் பல இடத்தில் வருவார் என்பது வேறு விஷயம்). குடும்பப் பெயரும் ஒய் குரோமோசோமும் இத்தனை பேரில் ஒரே ஒருவரைத்தான் காட்டுகின்றன. மீதிப் பேர் எல்லாம் வேறு வேறு பெயர்க்காரர்கள். ரிச்சர்ட், டேவிட்டின் அம்மா மேரி, லாங் ஈட்டன் பள்ளித் தலைமை ஆசிரியர் சாமுவேல் கிளெக்கின் மகள். பிள்ளைகளின் பெயரில் கிளெக் இல்லை. பிள்ளைகளில் பாதி கிளெக்.

1939-இல் அந்த வீட்டில் இன்னொன்று நடந்தது. ஜெர்மனியிலிருந்து தப்பித்து வந்த இரண்டு யூதச் சிறுமிகளை ஃபிரெடெரிக்கும் மேரியும் வீட்டில் சேர்த்துக்கொண்டார்கள். போர் முடியும்வரை அந்தப் பெண்கள் இவர்களின் மகள்களாகவே வளர்ந்தார்கள். எந்த ஒய் குரோமோசோமிலும் இது பதிவாகாது. பெயரிலும் பதிவாகாது. ஆனால் அந்தக் குடும்பம் எப்படிப்பட்டது என்று கேட்டால், டிஎன்ஏ அறிக்கையை விட இது நன்றாகப் பதில் சொல்கிறது.

பின்னாளில் ரிச்சர்ட் 20 வருடம் அலைந்து 'காந்தி'யை எடுத்தார். 1982-இல் வெளியாகி 8 ஆஸ்கர் வாங்கியது. காந்தியாக நடித்தவர் பென் கிங்ஸ்லி. கேட்டால் அசல் ஆங்கிலேயப் பெயர் மாதிரிதான் இருக்கும். பிறந்தபோது வைத்த பெயர் கிருஷ்ணா பண்டிட் பாஞ்ஜி. குஜராத்தி வம்சாவளி அப்பாவுக்கு யார்க்‌ஷயரில் பிறந்தவர். வெளிநாட்டுப் பெயரென்றால் வாய்ப்பு வராது என்று அவர் மாற்றிக்கொண்டது கிங்ஸ்லி. இன்னும் ஐந்நூறு வருடம் கழித்து யாராவது அந்தப் பெயரை வரைபடத்தில் தேடிக்கொண்டு கிளம்பினால் நன்றாகக் குழம்புவார்கள்.

அபூர்வப் பெயர் ஒரு நல்ல நூல். பிடித்துக்கொண்டு போனால் டிரென்ட் நதிக்கரை வரைக்கும் போகலாம். அது ஒரே ஒரு நூல் என்பதும் ஞாபகத்தில் இருந்தால் போதும். புடவையில் மிச்சம் பத்து லட்சம் நூல் இருக்கிறது.

அட்டன்பரோ கிராமத்தில் சரளைக்கல் தோண்டிய பழைய பள்ளங்களில் தண்ணீர் தேங்கி ஏரிகளாகி, பறவைகள் வர ஆரம்பித்தன. 1966-இல் அது இயற்கைச் சரணாலயமாகத் திறக்கப்பட்டது. திறந்துவைத்தவர் டேவிட் அட்டன்பரோ. எப்போதோ ஒருவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிய ஊருக்கு, அந்த ஊர்ப் பெயரோடு ஒருவர் விருந்தாளியாக வந்திருக்கிறார்.