கலஹா மலையில் உபதேசியார் நடந்த வழி

பேராதனையில் கலஹாச் சந்தியில் திரும்பி மலையேறினோம். இருமருங்கும் தேயிலை. இச்சரிவுகளில் கோப்பி விளைந்த காலத்தில், 1854-இல், தமிழ்க் கூலி மிஷன் தொடங்கிற்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டந்தோறும் நடந்து, லயத்து வாசலிலே பிரசங்கித்தார்கள். ஆயினும் நிலையான சபை ஏது? கோப்பிப் பழம் பறித்து முடிந்ததும், கேட்டவர்களிற் பலர் தமிழகம் திரும்பிவிடுவர்.

1867-இல் கலஹாவுக்கு அப்பால் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். 1869-இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலைக்கோ ஆண்டு முழுதும் வேலை. குடும்பங்கள் தங்கின, சபைகளும் வேரூன்றின.

நாம் இந்துக்கள். எனினும் தோட்டத்து மாரியம்மன் கோயிலருகே நின்று அந்த நடையை நினைத்தபோது நெஞ்சு நெகிழ்ந்தது. கோப்பி பறித்தவர்க்கும் பிரசங்கித்தவர்க்கும் தெய்வம் வேறாயினும், கடந்த கடல் ஒன்றே அன்றோ!