பழைய கேமராவின் வாடை

தில்லி சாந்தினி சௌக்கின் கேமராச் சந்தையில் ஆய்வு மாணவி ஒருவர் மழைக்காலத்தில் வாங்கிய பழைய கேமரா, விடுதி அறை முழுவதும் பூஞ்சை வாடையைப் பரப்பியது. களப்பணிக்குப் புறப்படப் பத்து நாட்களே இருந்தன. ஒரு மாத உதவித்தொகை அதில் போயிருந்தது.

அறைத்தோழி அத்தர் பூசச் சொன்னார்; மற்றொருவர் அந்துருண்டை. இரண்டும் வாடையை மறைக்குமே ஒழியப் போக்கா. அந்துருண்டையின் ஆவி லென்சில் படியவும் கூடும்.

தோலுறையே வாடையின் இருப்பிடம். அதைக் கழற்றித் துடைத்து, நிழலில் காற்றாட உலர்த்தி, சமையல் சோடாக் கிண்ணத்தோடு டப்பாவில் மூடினார். கேமராவும் லென்சும் சிலிக்கா ஜெல்லோடு வேறொரு காற்றுப்புகா டப்பாவில். நீல மணிகள் விரைவிலேயே இளஞ்சிவப்பாயின, அத்தனை ஈரம்.

நாற்றம் என்பது ஒருகாலத்தில் நறுமணத்தையும் குறித்த சொல் என்பதை மொழியியல் மாணவியான அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த நாற்றம் ஒரு செய்தி. நான்காம் நாள் டார்ச் அடித்துப் பார்க்கையில் லென்சின் உள்விளிம்பில் சிலந்தி இழைபோல் பூஞ்சை. விட்டிருந்தால் அதன் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை முழுதும் அரித்திருக்கும்.

பழுதுபார்ப்பவர் பிரித்துத் துடைத்துத் தந்தார். ஓரத்தில் மெல்லிய தடம் நின்றுவிட்டது, படங்களில் தெரியவில்லை. கேமரா களத்துக்குப் போயிற்று. தோலுறை மட்டும் இன்னும் சோடாவோடு டப்பாவில் கிடக்கிறது.